மிளகளவு

என் வீட்டுக்காரருக்குக் கண்தான் பிழைப்பு. கார் பட்டறையில் பெயின்ட் கலக்குகிறவர். பழைய வண்டியின் நிறத்தை ஒரு தடவை பார்த்தால் போதும், அச்சு அசலாக அதே நிறத்தைக் கொண்டுவந்துவிடுவார். கை மட்டும் மரக்கட்டை. இருட்டில் தலையணையைத் தட்டி, "தூங்கிட்டியா?" என்று கேட்ட மனுஷன்.

பட்டறையில் தின்னர் தெறித்து இரண்டு கண்ணுக்கும் கட்டுப் போட்டார்கள். முதலில் கதவோடும் சுவரோடும் சண்டை. அப்புறம் விரலுக்கு ஞானம் வந்துவிட்டது. நான் தைத்துக்கொண்டிருந்த சட்டையைத் தடவி, "நடுவுல நூல் மாத்தியிருக்கியே" என்றார். தைத்த எனக்கே அது கண்ணுக்குத் தெரியவில்லை.

கண் டாக்டரம்மாவிடம் சொன்னேன். "பார்க்கிறதுக்குன்னு மூளையில ஒரு பகுதி இருக்கும்மா. இப்போ அதுக்கு வேலையில்ல. சும்மா இருக்காம விரலுக்கு ஒத்தாசை பண்ணுது. கட்டை அவுத்தா பழைய வேலைக்கே போயிடும்."

"அதுக்குள்ள பாத்திரம் கழுவப் பழக்கிடுறேன்" என்று சிரித்தேன். சிரித்தது அதோடு சரி.

மறுநாள் என் தோளைப் பிடித்து நடந்தவர் சட்டென்று நின்றார். விரல் என் கழுத்தெலும்புக்கு மேலே நின்றது.

"இங்க என்ன?"

"என்னது?"

"மிளகு மாதிரி ஒண்ணு. அழுத்தினா நகர மாட்டேங்குது."

கையைத் தட்டிவிட்டேன். கோபம் மாதிரிதான் காட்டிக்கொண்டேன், ஆனால் அது பயம். நான் தடவினால் ஒன்றும் தட்டுப்படவில்லை. அவர் நச்சரிப்பு தாங்காமல் தெருமுனை டாக்டரிடம் போனோம். அவரும் அழுத்திப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லையே. கண்ணைக் கட்டியிருந்தா மனசு எதையாவது நினைக்கும் சார்" என்றார்.

கண் கட்டை அவிழ்த்தார்கள். அடுத்த நாள் அவர் விரல் மறுபடியும் மரக்கட்டை. என் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"இருந்துச்சே. இங்கதான் இருந்துச்சே."

"இல்லைன்னா விடுங்களேன்."

அவர் விட்டுவிட்டார். என்னால்தான் முடியவில்லை. ஊசியில் நூல் கோர்க்கும்போது கை கழுத்துக்குப் போனது. சோறு வடிக்கும்போது போனது. தப்பாக வெட்டிய துணியை மறுபடி தப்பாக வெட்டினேன். கடைசியில் கறுப்பு லைனிங் துணியில் ஒரு பட்டையைக் கிழித்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

"பட்டறைக்கு லீவு சொல்லுங்க."

"நீதானே விடச் சொன்னே?"

"சொன்னேன். இப்போ கட்டுறேன். வாயை மூடிட்டு உட்காருங்க."

மறுபடியும் கதவு, சுவர், சண்டை. கைப்பிடித்து நடத்தினேன், ஊட்டிவிட்டேன், திட்டினேன். சட்டைத் தையலில் நூல் மாறிய இடத்தை விரல் மறுபடி கண்டுபிடித்த அன்று, என் கழுத்தைக் காட்டினேன். விரல் ஊர்ந்தது. நின்றது. கொஞ்சம் தள்ளி மறுபடியும் நின்றது.

"இருக்கா?"

"ரெண்டு இருக்கு."

நான் துணியில் கோடு போடும் சாக்கட்டியை அவர் கையில் கொடுத்தேன். தடவிப் பார்த்தே இரண்டு வட்டம் போட்டார்.

பெரிய டாக்டர் பார்க்கும்வரை கட்டை அவிழ்க்க மாட்டேன் என்றார். ஆஸ்பத்திரி வாசலிலேயே ஒருவர் சக்கர நாற்காலியோடு ஓடிவந்து அவரை உட்கார வைத்தார். "பார்த்து சார், மெதுவா" என்று ஆளாளுக்குத் தாங்கினார்கள். நர்ஸ் குனிந்து, "எத்தனை நாளா சார் கண்ணு தெரியல?" என்று கேட்டாள்.

"கண்ணெல்லாம் நல்லாத்தான் தெரியுது" என்றார் அவர்.

நர்ஸ் குழம்பிப்போய் என்னைப் பார்த்தாள். இத்தனை நாளும் வாயில் வராத வார்த்தை அப்போதுதான் வந்தது.

"அவருக்கு ஒண்ணுமில்லம்மா. நோயாளி நான்தான்" என்று கழுத்துத் துணியை விலக்கினேன்.