எலிதான் கடித்திருக்கும்

'டமார்' என்று ரிசீவர் மேசையில் விழுந்த சத்தத்தில், பூட்ஸில் ஒட்டிய பனியை உதறிக்கொண்டு உள்ளே நுழைந்த குபாத் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"செத்துக் கிடக்கு! காலையில இருந்து ஒரு முனகல் கூட இல்ல!" என்றாள் மேசைக்குப் பின்னால் இருந்த பெண்மணி. ஐம்பது வயதைத் தாண்டியவள். தலையில் பூப்போட்ட துணி, தோளில் கம்பளிச் சால்வை. "நீதான நாரின்ல இருந்து வர்ற மெக்கானிக்? காலையிலயே கிளம்பிட்டேன்னு சொன்னாங்க. கழுதை மேலயா வந்தே?"

"கழுதையா இருந்தா சீக்கிரம் வந்திருப்பேன் அக்கா. பஸ்ஸுல வந்தேன். கணவாயில பாதி பேர் இறங்கித் தள்ளினோம்."

அவள் சிரிக்கவில்லை. சாவிக்கொத்தை எடுத்து அவன் கையில் திணித்தாள். "அந்தக் கடைசி அலமாரியிலதான் எக்ஸ்சேஞ்ச் பெட்டி இருக்கு. எலிதான் கடிச்சிருக்கும். இங்க எலித் தொல்லை ஜாஸ்தி. சீக்கிரம் பாரு தம்பி. மதியத்துக்குள்ள என் போன் பேசியாகணும்."

கோக்-ஜார் நீர்ப்பாசன அலுவலகத்தில் போன் ஆபரேட்டர் அவள். பெயர் அனார்கான். வெளியிலிருந்து வரும் அழைப்பு எதுவானாலும் முதலில் அவள் மேசையில்தான் மணி அடிக்கும். மொபைல் கோபுரம் இன்னும் கணவாய்க்கு இந்தப் பக்கம் வந்து சேரவில்லை. அதனால் அந்த ஊருக்கே அவள் மேசைதான் காது.

"மதியம் என்ன அக்கா, மந்திரி பேசுறாரா?"

"மந்திரி யாருக்கு வேணும்? என் மகன் பேசுவான். மிர்லான். வெளிநாட்டுல, எகடெரின்பர்க்ல கட்டட வேலை. வியாழக்கிழமை மதிய சாப்பாட்டு நேரத்துல கடைக்குப் போய் அங்கிருந்து அடிப்பான். அவனுக்குன்னு போன் கிடையாது, நான் கூப்பிட வழியில்ல. நூரூஸ் பண்டிகைக்கு வர்றானா இல்லையான்னு இன்னைக்குச் சொல்றேன்னான்." மேசைக்கு அடியிலிருந்த பையைக் காலால் தள்ளினாள். பாதி பின்னிய கம்பளி மேலாடை ஒன்று வெளியே எட்டிப் பார்த்தது. "கை எவ்வளவு நீளம்னு கேக்கணும். போன முறை பின்னினது மணிக்கட்டுக்கு மேலயே நின்னுடுச்சாம். இருபத்தி மூணு வயசுலயும் வளர்றான் பாவி!"

குபாத் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டுக் கேள்விகளை ஆரம்பித்தான். எந்தப் பழுதுக்கும் முதல் மருந்து கேள்விதான் என்பது அவன் கட்சி. எத்தனை போன் இறந்திருக்கிறது? எல்லாச் சாதாப் போன்களும். கணக்கு அறை, கிடங்கு, சமையலறை, இது. மேலதிகாரி சகின்பெக்கின் அறையில் இருக்கும் பட்டன் போன்? அது வேறு வகை, வேறு கார்டு.

"அது வேலை செய்யலாம். ஆனா அவர் அறையைப் பூட்டிட்டுப் போயிட்டார். மேல அணைக்குப் போயிருக்காராம்." அவள் சற்று நிறுத்தினாள். "அந்தக் கதவைப் பூட்டி நான் பார்த்ததே இல்ல."

சாதாப் போன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் இறந்தால், அவற்றுக்கு உயிர் கொடுக்கும் கார்டு போயிருக்க வேண்டும். அல்லது அந்தக் கார்டுக்குப் போகும் மின்சாரம். அதுவும் இல்லையென்றால் சுவரில் இருக்கும் இணைப்புப் பலகை. குபாத் இப்படி விரல் மடக்கிக்கொண்டிருந்தபோது கணக்கு அறையிலிருந்து ரோசா வந்தாள். கையில் தட்டு. பால் விட்ட தேநீர், கிண்ணம் நிறையப் பாலாடை, சுடச்சுடப் பொரித்த மாவுத் துண்டுகள்.

"அனார்கான் அக்கா, முதல்ல சாப்பிடுங்க" என்றாள். அப்போதுதான் குபாத்தையும் அவன் பெட்டியையும் பார்த்தாள். தட்டு ஆடித் தேநீர் சிந்தியது. "மெக்கானிக்கா? யார் கூப்பிட்டா?"

"நான்தான். தபாலாபீஸுக்குப் போய்ப் பேசினேன். நீங்கள்லாம் போன் செத்தா திருவிழா மாதிரி உட்கார்ந்திருக்கீங்களே!"

"அவசரம் என்ன... தம்பி குளிர்ல வந்திருக்கார். டீ குடிக்கட்டும். சாப்பிட்டுட்டு மெதுவா..."

"டீயைக் குடிச்சுக்கிட்டே பார்ப்பான். நீ போ."

ரோசா போகவில்லை. குபாத்தைப் பார்த்து என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அனார்கான் நிமிர்ந்ததும், தட்டை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டாள்.

"நல்ல பொண்ணு" என்றாள் அனார்கான். "போன குளிர்காலத்துல பனிச்சரிவு அவ புருஷனைக் கொண்டுபோயிடுச்சு. அதுக்கப்புறம் நாங்க ரெண்டு பேரும் ஒரே கெட்டில்லதான் டீ போடறோம்." மாவுத் துண்டை எடுத்தாள். வாய்வரை கொண்டுபோய்த் திரும்பத் தட்டிலேயே வைத்தாள்.

டிரைவர் இஷென் ஒரு வாளி நிலக்கரியோடு வந்து அவள் பக்கத்துக் கணப்பில் கொட்டினான். கணப்பு ஏற்கெனவே செக்கச் செவேலென்று எரிந்துகொண்டிருந்தது.

"என்னடா, என்னைச் சுட்டுச் சாப்பிடப் போறீங்களா?" என்றாள் அவள்.

இஷென் தொப்பியை இழுத்துக் கண்ணை மறைத்துக்கொண்டு வெளியே போனான்.

குபாத்துக்கு என்னவோ உறுத்தியது. எத்தனையோ அலுவலகங்கள் பார்த்திருக்கிறான். போன் இறந்தால், அவன் கால் வைக்கும்போதே பத்துப் பேர் பிடித்துக்கொள்வார்கள். என் போனை முதலில் பார், அவன் போனை அப்புறம் பார் என்று சட்டையைக் கிழிக்காத குறைதான். இங்கே ஒரே ஒருத்தியைத் தவிர வேறு யாருக்கும் போன் வேண்டியிருக்கவில்லை.

அலமாரி நடையின் கோடியில் ஓர் இருட்டு மூலையில் இருந்தது. அனார்கான் கூடவே எழுந்தாள். இரண்டடி நடந்ததும் நின்றுவிட்டாள்.

"நீ போய்ப் பாரு. எனக்கு அந்த எலி நாத்தம் ஆகாது."

திறந்ததும் குபாத் மூக்கை உறிஞ்சினான். எலி நாற்றம் இல்லை. புழுக்கை இல்லை. பெட்டியில் பச்சை விளக்கு அமைதியாக எரிந்துகொண்டிருந்தது. மின்சாரம் சரி. மீட்டரின் முட்களைக் கார்டிலிருந்து வரும் கம்பிகளில் வைத்தான். ஒவ்வொரு இணைப்பிலும் வரவேண்டிய வோல்ட் குறையாமல் வந்தது. கார்டும் சரி. சோதனைப் போனின் கவ்விகளை மாட்டிக் காதில் வைத்தான். 'ஊ...' என்று டயல் ஒலி கேட்டது. உயிர் இங்கே வரை வந்திருக்கிறது. அங்கே போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

டார்ச்சை இணைப்புப் பலகையின் மேல் அடித்தான்.

மேசைகளுக்குப் போகும் கம்பிகள் ஒரு வரிசை முழுவதும் பள்ளங்களிலிருந்து வெளியே வந்திருந்தன. கடிபட்டு அல்ல. பனியில் விறைத்து ஒடிந்தும் அல்ல. நுனிகூட வளையாமல் உருவி, ஒவ்வொரு ஜோடியையும் விரலில் சுற்றி, சின்னச் சுருளாக்கிப் பலகைக்குப் பின்னால் செருகியிருந்தார்கள். திரும்ப மாட்டும்போது சிரமப்படக் கூடாது என்று நினைத்த கை.

எந்தப் பயலின் விளையாட்டு இது? அடக்க முடியாத எரிச்சலோடு முதல் சுருளைப் பிரித்து அழுத்தினான். சமையலறை. அடுத்தது கிடங்கு. அதற்கடுத்தது கணக்கு அறை. ஆபரேட்டர் மேசையின் கம்பியைக் கடைசியாக எடுத்து, மாட்டும் முன் அந்த இணைப்பைச் சோதிக்கலாம் என்று சோதனைப் போனைக் கவ்வினான்.

கையிலேயே மணி அடித்தது.

"தம்பி!" நடையின் அந்தக் கோடியிலிருந்து அனார்கானின் குரல். "மணி அடிச்சதா?"

குபாத் பொத்தானை அமுக்கினான். வெளியூர் அழைப்பு, கரகரப்பு, பின்னால் லாரிச் சத்தம்.

"சகின்பெக் அண்ணனா? நேத்து ராத்திரி பேசினேனே, நான்தான். காலையில இருந்து திரும்பத் திரும்ப அடிக்கிறேன், யாருமே எடுக்கல." இளைஞன் ஒருவனின் குரல். அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது. "காகிதமெல்லாம் ஆயிடுச்சு அண்ணே. மிர்லானை இன்னைக்கு விமானத்துல ஏத்திடறோம். பிஷ்கெக் விமான நிலையத்துல பெட்டியை வாங்கிக்க யாராவது வரணும். அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா? சாரம் சரிஞ்சப்ப நான் கீழதான் நின்னேன்னு... அதை மட்டும் அவங்ககிட்ட சொல்லாதீங்க அண்ணே. நானே வந்து சொல்றேன்."

"ஆகட்டும்" என்றான் குபாத். "ஆள் வரும்."

இணைப்பு அறுந்தது.

சுருட்டிச் செருகிய கம்பிகளை அவன் இப்போது வேறு கண்ணோடு பார்த்தான். பாலாடைக் கிண்ணம், வாளி நிலக்கரி, பூட்டிய அறை எல்லாம் வரிசையாக வந்து நின்றன. இந்த மலைகளில் சாவைக் கம்பி வழியே சொல்லிவிட மாட்டார்கள். பெரியவர்கள் திரண்டு வரவேண்டும். பக்கத்தில் உட்கார வேண்டும். எங்கோ தொடங்கி, எதையோ பேசி, கையைப் பிடித்துக்கொண்டு, கடைசியில்தான் அந்தச் சொல்லை இறக்கி வைக்க வேண்டும். அதுவரை ஊரே வாயைக் கட்டிக்கொள்ளும். அவனுடைய அப்பா போனபோதும் அப்படித்தான். ஆட்டுச் சந்தைக்கு என்று சொல்லித்தான் அவனை வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். சகின்பெக் அணைக்குப் போகவில்லை. இவளுடைய அண்ணன்மாரை அழைத்துவரப் போயிருக்கிறார். அவர்கள் வந்து சேரும்வரை இந்தப் பெண்ணின் காதைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கட்டைத்தான் அவன் அவிழ்த்துக்கொண்டிருக்கிறான்.

மாட்டிய கம்பிகளை ஒவ்வொன்றாக உருவினான். முன்பிருந்த மாதிரியே சுருட்டப் பார்த்தான். அவனுக்கு அவ்வளவு அழகாக வரவில்லை. அலமாரியைப் பூட்டினான்.

திரும்பி வந்தபோது அனார்கான் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். ரிசீவர் அவள் கையில் இருந்தது, காதில் வைக்கவில்லை.

"யாரு பேசினது?"

"யாருமில்ல அக்கா. சோதனை மணி. நானே அடிச்சுப் பார்த்தேன்."

"நீ 'ஆகட்டும்'னு சொன்னியே."

"தனக்குத்தானே பேசிக்கிற பழக்கம். தொழில் அப்படி." மீட்டரைப் பெட்டிக்குள் போட்டு மூடினான். "கார்டு எரிஞ்சுபோச்சு. பிஷ்கெக்ல இருந்துதான் வரவழைக்கணும். இன்னைக்கு ஆகாது."

"கார்டா?"

"ஆமாம். முழுசா."

அவள் ரிசீவரை எடுத்த இடத்தில் மெல்ல வைத்தாள். வந்தபோது கேட்ட சத்தத்தில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. பையைக் குனிந்து எடுத்து, வெளியே எட்டிப் பார்த்த கம்பளியை உள்ளே தள்ளி, வாயை முடிந்தாள்.

வாசலில் வண்டி வந்து நின்றது. ஜன்னல் வழியே பார்த்தான் குபாத். சகின்பெக் முதலில் இறங்கினார். பின்னாலேயே வெள்ளைக் கம்பளித் தொப்பி அணிந்த மூன்று கிழவர்கள், ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு. இஷென் ஓடிப்போய்க் கதவைப் பிடித்தான். ரோசா நடையில் சுவரோடு சாய்ந்து, தலைத்துணியின் நுனியை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள்.

அனார்கான் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. குபாத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கம்பியெல்லாம் எப்படி இருந்துச்சு தம்பி? கடிச்சா? இல்ல, சுருட்டிப் பின்னால செருகியா?"

குபாத் சாவிக்கொத்தை அவள் மேசையில் வைத்தான். நடையில் பூட்ஸ் ஓசைகள் நெருங்கின. வழக்கத்தைவிட மெதுவாக, ஒன்றுக்கொன்று வழிவிட்டபடி.

அவள் சால்வையைச் சரிசெய்துகொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்தாள், யாரோ வந்து பிடித்துக்கொள்ளப் போகிறவர்களுக்காக.

"போன வருஷம் ரோசாவுக்காக அதைச் சுருட்டி வச்சது நான். இஷென்தான் டார்ச் பிடிச்சான்" என்றாள். "அலமாரியைத் திறந்து பார்க்க எனக்குத் தைரியம் வரல தம்பி. எலிதான்னு ஒரு வார்த்தை நீ சொல்லுவேன்னுதான் உன்னைக் கூப்பிட்டேன்."