உங்க மணிக்கு மூணு

அந்த வருஷம் வங்கதேச சர்க்கார் நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தது. மின்சாரம் மிச்சமாகுமாம். அகௌராவில் மின்சாரம் இருந்தால்தானே மிச்சமாக. ரயில் புது நேரத்துக்கு ஓடியது. ஊர் பழைய நேரத்துக்கே எழுந்து, தின்று, தூங்கியது. புது நேரத்துக்கு ஜனங்கள் 'டிஜிட்டல் டைம்' என்று பேர் வைத்துச் சிரித்தார்கள்.

மொக்லேஸ், அகௌரா ஜங்ஷனின் தெற்குக் கேபினில் பாயிண்ட்ஸ்மேன். வெள்ளைக்காரன் காலத்து லீவர்கள். சில்ஹெட் வண்டியோ சிட்டகாங் வண்டியோ, அவன் இழுத்தால்தான் தடம் மாறும். மூட்டை முடிச்சோடு பிந்தி வந்து வெறும் தண்டவாளத்தைப் பார்த்து நிற்கிறவர்களைக் கண்டால் அவனுக்கு இளக்காரம். "வண்டி இந்நேரம் ஆத்தைத் தாண்டியிருக்கும். நீங்க பழைய டைமுல உக்காந்து பொரி மெல்லுங்க" என்பான்.

கிழக்கே கொஞ்ச தூரத்தில் எல்லை. அந்தப் பக்கம் இந்தியக் கடிகாரம். அது பழைய நேரத்துக்கும் அரை மணி பின்னால். மூன்று கடிகாரமும் தன் தலைக்குள் ஓடுவதாக மொக்லேஸுக்குக் கர்வம்.

அந்தப் பக்கத்தில்தான் தம்பி அக்காஸ் இருந்தான். அம்மாவும் அவனோடு. மொக்லேஸ் அவளைப் பார்த்துப் பல வருஷம். ஒவ்வொரு ஈதுக்கும் பாஸ்போர்ட் எடுக்கிறேன் என்பான். லீவு தரமாட்டேன் என்கிறார்கள் என்பான். கேட்டால்தானே தர.

ஆவணியில் மழை விட்டிருந்த ஒரு காலையில் அக்காஸ் போன் செய்தான்.

"அம்மா போயிட்டாங்கண்ணே. ஃபஜர் தொழுகைக்கு எழுப்பினேன், எழுந்திரிக்கல."

மொக்லேஸ் லீவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நீ முகம் பாக்க எல்லைக் கோட்டுக்குக் கொண்டு வர்றோம். ரெண்டு பக்கத்து ஆபீசருங்களும் ஒத்துக்கிட்டாங்க. கொஞ்ச நேரம்தான் விடுவாங்களாம். லுஹர் தொழுதுட்டுக் கிளம்பிடுவோம்."

"தொழுகைக் கணக்கெல்லாம் சொல்லாதடா. நான் ரயில்வேக்காரன். மணியைச் சொல்லு."

அக்காஸ் பக்கத்தில் யாரிடமோ கேட்டான். "மூணு. உங்க மணிக்கு மூணு."

மதியம் அவனை டியூட்டியிலிருந்து விடுவிக்க இன்னொரு பாயிண்ட்ஸ்மேன் சொபுர் வந்தான். "கிளம்பு பாய். நான் பாத்துக்கறேன்."

"இப்ப எதுக்கு? அவன் மூணுன்னா நமக்கு நாலு. அக்காஸுக்கு டிஜிட்டல் டைம் எங்க தெரியும்? அவன் சொல்றது பழைய மூணு."

"ஒரு போன் போட்டுக் கேட்டுடேன்."

"உனக்கும் நான் கணக்குச் சொல்லிக் குடுக்கணுமா?"

"சீக்கிரமே போய் நின்னா என்ன குறைஞ்சிடும்?"

"சிப்பாய்ங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு ஒரு மணி நேரம் வெயில்ல நிக்கவா? சரக்கு வண்டிய ஒதுக்கிட்டுப் போறேன்."

காரணம் அதுவல்ல. சும்மா நின்றால் அம்மா நினைப்பு வரும். லீவரை இழுத்தால் வராது. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சொபுரே செய்திருக்கக்கூடிய வேலையை அவன் செய்தான். சட்டைப் பையில் கிடந்த போன் அடித்தது, என்ஜின் இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை.

நாலு அடிக்கும் முன்பே ரிக்‌ஷாவில் போய் இறங்கினான். கோட்டருகே யாரும் இல்லை. சேற்றில் ஏகப்பட்ட காலடி. நடுவில் ஜனாஸாக் கட்டிலின் கால்கள் அழுந்திய நாலு குழி.

"நீதான் அந்த ரயில்வேக்காரனா?" என்றான் இந்தப் பக்கத்துக் காவல்காரன். "எங்கய்யா போய்த் தொலைஞ்ச? மூணுன்னு நாங்கதானே சொல்லி அனுப்பினோம்."

"டிஜிட்டல் மூணா?"

"பின்ன? சர்க்கார் ஆளுங்க கோழி கூவுற பழைய டைமா வச்சிருப்போம்?"

மொக்லேஸ் போனை எடுத்தான். தம்பி பலமுறை கூப்பிட்டிருந்தான். திருப்பி அடித்தான்.

"உங்க மணின்னுதானேண்ணே சொன்னேன்," என்றான் அக்காஸ். "அவங்க சொன்னதைத்தான் சொன்னேன். கால்ல விழுந்து இன்னும் கொஞ்ச நேரம் வாங்கினேன். துணிய விலக்கி வச்சுக்கிட்டே உக்காந்திருந்தோம். ஈ மொய்க்க ஆரம்பிச்சிடுச்சு."

"திருப்பிக் கொண்டு வாடா."

"கபர்ஸ்தான் வந்தாச்சு. இன்னொரு தடவை விட மாட்டாங்க."

மொக்லேஸ் கேட்டான். "முகம் எப்படி இருந்துச்சு?"

"அதை நான் எப்படிண்ணே சொல்றது?" பின்னால் யாரோ அக்காஸைக் கூப்பிட்டார்கள். "மண்ணு போடக் கூப்பிடறாங்க. வச்சிடறேன்."

திரும்பி வந்தபோது கேபினில் சொபுர் தேநீரை இரண்டு கிளாஸில் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"பாத்தியா பாய்?"

மொக்லேஸ் சட்டையைக் கழற்றினான். "பாத்தேன்."

"அமைதியா இருந்தாங்களா?"

"தூங்கற மாதிரி இருந்தாங்க."

"அல்லாவுக்கு நன்றி. நான்தான் இங்க கிடந்து பயந்துக்கிட்டிருந்தேன், மணி கிணி மாறிப் போச்சோன்னு." சொபுர் கிளாஸை நீட்டினான். "அப்ப உன் கணக்கு சரிதான்."

"சரியாத்தான் இருந்துச்சு," என்றான் மொக்லேஸ்.