அண்ணி சொன்ன ‘அவர்’

என் அண்ணிக்குத் தெரிந்த பதில் ஒன்றே ஒன்றுதான்: “அவர் பாத்துக்குவார்.” குழாய் ஒழுகினால் அவர் பார்த்துக்கொள்வார். பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வந்தால் அவர் பார்த்துக்கொள்வார். அவர் என்றால் என் அண்ணன், ஃபிரிட்ஜ் மெக்கானிக். கீழே பட்டறை, மேலே வீடு. அம்மாவும் அப்பாவும் போன பிறகு என்னை வளர்த்து ஆளாக்கியவனும் அவன்தான். எல்லாவற்றையும் இப்படி அவன் தலையில் கட்டினால் எப்படி என்று அண்ணியிடம் எத்தனையோ தடவை சண்டை பிடித்திருக்கிறேன். எல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்குதான். சிரித்துக்கொண்டே தையல் மிஷினை மிதிப்பார்.

அந்த அண்ணன் ஒரு நாள் காலை, பழைய ஃபிரிட்ஜ் ஒன்றைச் சுவரோரம் தள்ளும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அதன் மேலேயே சாய்ந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் உடனே இதயத்தில் ஆபரேஷன் என்றார்கள். பிழைப்பானா என்று கேட்டேன். முயற்சி செய்கிறோம் என்பதோடு டாக்டர் நிறுத்திக்கொண்டார்.

நான் சும்மா இருக்கிற ஆளில்லை. ரத்தம் கொடுக்க ஆட்களை வரவழைத்தேன். வாசல் காவலாளியோடு மல்லுக்கு நின்றேன். மருந்துச் சீட்டோடு மேலும் கீழும் ஓடினேன். அண்ணி மட்டும் ஆபரேஷன் அறை வாசலில் இரும்பு நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நர்ஸ் ஒருத்தி வந்து தைரியமாக இருக்கச் சொன்னாள். அண்ணி யோசிக்கவே இல்லை.

“அவர் பாத்துக்குவார்.”

நர்ஸின் முகம் மலர்ந்துவிட்டது. “அந்த நம்பிக்கை போதும்மா. அவர் யாரையும் கைவிட மாட்டார்” என்று அண்ணியின் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

எனக்கு விஷயம் புரிந்தது. அது வெறும் வாய்ப்பழக்கம். அண்ணி சொன்ன ‘அவர்’, என் அண்ணன், உள்ளே மயக்க மருந்தில் கிடந்தான்.

அண்ணி மெல்லத் திரும்பினார். “அந்தப் பொண்ணு யாரைச் சொல்லுச்சு?”

“கடவுளைத்தான் அண்ணி.”

கடவுளோடு அண்ணிக்குப் பகையும் இல்லை, பெரிய உறவும் இல்லை. அதையும் அண்ணனே பார்த்துக்கொண்டான். காலையில் கண்ணை மூடி நிற்பது அவன் வேலை. அந்த நேரத்தில் டீ போடுவது அண்ணியின் வேலை.

கடவுளை நீ என்று சொல்வதா, நீங்கள் என்று சொல்வதா என்று என்னிடம் கேட்டார். எல்லாரும் நீ என்றுதான் சொல்வார்கள் என்றேன்.

“முன்ன பின்ன பழக்கமில்லாதவரை எப்படி நீன்னு சொல்றது?”

இப்போது மரியாதைதான் ஒரு குறைச்சல் என்று முணுமுணுத்துக்கொண்டே கீழே போனேன். திரும்பி வந்தபோது அண்ணியின் உதடு அசைந்துகொண்டிருந்தது. ‘நீங்க’ என்றுதான். புதிதாகக் குடிவந்தவர்களிடம் பேசுவதுபோலத் தயங்கித் தயங்கி. தொந்தரவுக்கு மன்னிக்கணும் என்றுகூடச் சொன்னார். அடுத்த தடவை நான் கடந்தபோது அழுதுகொண்டிருந்தார். அதற்கடுத்த தடவை கடவுளிடம் நன்றாகவே கோபித்துக்கொண்டிருந்தார். ஓடி ஓய்ந்து நான் பக்கத்தில் உட்கார்ந்தபோது ‘நீங்க’ போய் ‘நீ’ வந்திருந்தது. எந்த இடத்தில் மாறியதோ, தெரியாது.

“என்னால முடியல. நீ பாத்துக்கோ” என்றார். பிறகு சுவரில் தலையைச் சாய்த்துத் தூங்கியே போனார். எனக்குக் கண்ணை மூடவே பயமாக இருந்தது. அந்தத் தூக்கத்தைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது.

ஆபரேஷன் முடிந்தது. உயிர் இருக்கிறது, கண்டம் இன்னும் தாண்டவில்லை என்றார் டாக்டர். மறுநாள் அண்ணன் கண் விழித்ததும் எங்களை உள்ளே விட்டார்கள். எதற்கும் அசராதவன், அண்ணியின் விரலைப் பிடித்துக்கொண்டான்.

“பயமா இருக்கு.”

அவன் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. அண்ணி அவன் பக்கம் குனிந்தார்.

“எனக்கும்தான். பயம் இருந்தா இருந்துட்டுப் போகட்டும். நம்ம எல்லாரையும் மேல இருக்கிறவன்கிட்ட ஒப்படைச்சிட்டேன்.”

அண்ணன் ஒரு கணம் அண்ணியையே பார்த்தான். பிறகு பிடியைத் தளர்த்தாமலே கண்ணை மூடிக்கொண்டான். நெற்றிச் சுருக்கம் மட்டும் மெல்ல இறங்கியது.

வெளியே வந்ததும் என் வீறாப்பெல்லாம் விட்டுப்போனது. சுவரோரம் நின்று அழுதுவிட்டேன்.

“எல்லாரும்னா... என்னையும் சேர்த்தீங்களா அண்ணி?”

அண்ணி உள்ளங்கையால் என் முகத்தைத் துடைத்தார்.

“உன்னைத்தான் முதல்ல சொன்னேன். நேத்துலேருந்து ரொம்பப் பயந்து போயிருக்கிறது நீதானே.”