மலை இரண்டு முறை சிவக்கும்

1

இந்தக் கதை ஒரு பேருந்து ஜன்னலில் பிறந்தது. நாகர்கோவிலிலிருந்து கீரிப்பாறைக்குப் போய்க்கொண்டிருந்த சத்தியநேசன், தூரத்தில் ரப்பர் மரங்கள் சிவந்து நிற்பதைப் பார்த்தான். பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருந்தால் இதை நீங்கள் வாசிக்க வேண்டியிருக்காது. அவன் தேனீ வளர்க்கும் கொழுந்தியாள் ஜெஸ்பினுக்குப் போன் போட்டான்.

"மக்கா, தளிர் வந்தாச்சு. மலையே செவந்து கெடக்கு. பெட்டியெ ஏத்து."

மறுநாள் அந்தியில் ஜெஸ்பின் தேன்பெட்டிகளின் வாசல்களை அடைத்து, டெனிஷின் டெம்போவில் ஏற்றி, கீரிப்பாறை வழியில் ஒரு தனியார் தோட்டத்தில் கொண்டுபோய் வைத்தாள்.

ரப்பர் இலை இரண்டு முறை சிவக்கும். உதிரப்போகும் முற்றல் ஒரு முறை. எல்லாம் உதிர்ந்து மரம் மொட்டையாக நின்றபின் வரும் தளிர் இன்னொரு முறை. தேன் ஊறுவது தளிரின் காம்பில். சத்தியநேசன் பார்த்தது முற்றல்.

(அவன் ஒரு மாத இதழில் 'பருவங்களோடு பேசுகிறேன்' என்று பத்தி எழுதுகிறவன். பருவங்கள் இதுவரை பதில் பேசியதில்லை.)

2

முதலில் 'நான்' என்றுதான் எழுதத் தொடங்கினேன். இரண்டாவது வரியிலேயே முகம் சூடாகிவிட்டது. அதனால் எனக்குச் சத்தியநேசன் என்று பெயர் வைத்தேன். பெயர் வைத்ததும் அவன்மேல் கொஞ்சம் இரக்கம்கூட வருகிறது. வேறு தொடக்கங்களும் இருந்தன.

"தை பிறந்ததும் மேற்கு மலைகளின் கன்னத்தில் ஒரு நாணம்—"

(அடித்துவிட்டேன். இந்த நாணத்தைத்தான் பஸ்ஸிலிருந்து பார்த்தேன்.)

"பசித்த தேனீக்களின் ரீங்காரத்தில் ஒரு துயரம்—"

(காதை வைத்துக் கேட்டேன். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஜெஸ்பினுக்கும் தெரியாதாம். அவள் மூடியைத் திறந்து பார்ப்பாள்.)

பார்க்காததை இந்த முறை எழுதுவதில்லை என்று பிடிவாதமாக இருக்கிறேன். பார்த்ததையும் கிட்டப் போய்ப் பார்த்த பிறகுதான்.

3

இந்த வருடம் மழை மார்கழி தாண்டியும் விடவில்லை. இலை உதிர்வதும் தள்ளிப்போனது. உதிர்ந்தபின் மரங்கள் குச்சி குச்சியாக நின்றன. தேனீக்கள் பெட்டிக்குள் சேர்த்துவைத்திருந்ததைத் தின்று தீர்த்தன. ஜெஸ்பின் தேங்காய்ச் சிரட்டையில் சீனிப்பாகு ஊற்றி, ஈ முங்கிச் சாகாமலிருக்க அதில் குச்சிகளை மிதக்கவிட்டு வைத்தாள். அப்படியும் ஒரு பெட்டியிலிருந்த ஈ முழுவதும் கூட்டை விட்டுப் பறந்துபோனது. மற்றவையும் போனால் இந்தத் தேன்காலம் அவளுக்கு இல்லை. அடுத்ததற்கு ஈ பிடிப்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

திருப்பிக் கொண்டுபோகலாம்தான். வீட்டைச் சுற்றித் தென்னம்பூவாவது உண்டு. ஆனால் முதலில் பெட்டி வைத்தவருக்கே அந்தக் காலம் முழுக்கத் தோட்டம் என்பது இவர்களுக்குள் ஒரு ஏற்பாடு. எடுத்துவிட்டால் மறுநாளே வேறு ஆள் பெட்டியோடு நிற்பார்.

4

சத்தியநேசன் குற்றவுணர்ச்சி தாங்காமல் டெனிஷின் டெம்போவைக் கூப்பிட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போனான்.

"எதுக்கு வண்டி?" என்றாள் ஜெஸ்பின்.

"பெட்டியெ வீட்டுக்குக் கொண்டு போயிரலாம்."

"பஸ்ஸுல வந்திருக்கலாம் அத்தான். இன்னும் எதாவது செவந்து தெரிஞ்சிருக்கும்."

டெனிஷ் சிரிப்பை அடக்குவதற்காக டயரைக் குனிந்து பார்த்தான்.

"எம்மேல கோவமா மக்கா?"

"இந்தச் சீனியெ கலக்குங்க."

கலக்கினான்.

"ஈ தாங்குமா?"

"கட்டி இல்லாமக் கலக்குங்க."

5

இங்கே முடிவு ஒன்று வேண்டும். எல்லா ஈயும் பறந்துபோய்விட, சத்தியநேசன் காலநிலை மாற்றத்தைப் பற்றி உருக்கமாக ஒரு பத்தி எழுதித் தப்பித்துக்கொள்ளலாம். அவனைத் தெரிந்தவர்கள் இதைத்தான் எதிர்பார்ப்பார்கள். அல்லது, மறுநாள் காலையில் காடே தளிர்த்து நிற்கலாம். பத்திரிகை ஆசிரியருக்குப் பிடிக்கும், ஆனால் ரப்பர் மரங்கள் எங்கள் இதழுக்குச் சந்தா கட்டவில்லை. ஜெஸ்பின் கண் கலங்கி "போட்டும் அத்தான்" என்று சொல்வதாகவும் ஒன்று எழுதிப் பார்த்தேன். அவள் அதை வாசித்தால் பாகை என் தலையில் ஊற்றுவாள்.*

எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். என்னிடம் இருப்பது அன்று மாலை நடந்தது மட்டும்.

* சூடு ஆறியபின்தான். ஈக்குக் கொடுப்பதும் அப்படித்தான்.

6

பாகு கலக்கி முடித்து சத்தியநேசன் நிமிர்ந்தான். தலைக்கு மேலே ஒரு கிளையின் நுனியில் ஏதோ தடித்திருப்பதுபோல இருந்தது. கொஞ்சம் சிவப்பாகவும். அவன் வாயை இறுக்கி மூடிக்கொண்டான்.

"என்ன தெரியுது அத்தான்?"

"ஒண்ணும் இல்ல."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன்."

"மாசாமாசம் எழுதுகியளே."

"அது வேற. அத வாசிச்சு யாரும் பெட்டி ஏத்தல்ல."

டெனிஷ் ஹாரனை லேசாக அமுக்கினான். "அக்கா, ஏத்தணுமா வேண்டாமா? இருட்டிரும்."

ஜெஸ்பின் சிரட்டைகளில் பாகை ஊற்றிக்கொண்டு பெட்டி பெட்டியாகப் போனாள். காலியான பெட்டிக்கு முன்னால் மட்டும் சற்று நின்றாள். சத்தியநேசன், சரி, நான், பின்னாலேயே பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனேன்.

"அண்ணைக்கு ஏன் மக்கா நான் சொன்னத நம்பினெ?"

அவள் கடைசிச் சிரட்டையை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள்.

"உங்களெ யாரு நம்பினா? எறக்கி வைக்கும்போதே தெரிஞ்சுது, முத்தல்ணு. காலுக்கடியில சருகு நொறுங்குது. வேற ஆளு வந்திருவானேண்ணு நான்தான் வச்சேன். இந்தப் பெட்டி காலியானதும் என்னாலதான். ஈ தாங்குமாண்ணு கேட்டியள்லா? தெரியாது. டெனிஷு, நீ வண்டியெ எடுத்துட்டுப் போ. தளிர் வாறது வரெ பெட்டி இங்கதான் நிக்கும்."