பழகுகிற பிளேன்

என் மச்சான் கஜீபனுக்குத் தெரியாத விஷயம் இந்த உலகத்தில் எதுவுமே கிடையாது. எல்லாம் போனில் பார்த்துப் படித்த படிப்பு. எங்கள் கரையோர ஊர் இறக்கக்கண்டிக்கு மேலே பிளேன் பறந்தால் போதும், சோற்றுக் கோப்பையோடு வாசலுக்கு வந்து விளக்கம் சொல்லத் தொடங்கிவிடுவான்.

"உது பழகிற பிளேன், அத்தான். எல் போட் கட்டின கார் மாதிரி. முன்னுக்குப் படிக்கிறவன், பின்னுக்குப் படிப்பிக்கிறவன். குண்டு கிண்டு ஒண்டும் இராது."

இதை அவன் எனக்காகச் சொல்வதில்லை, தன் அக்காவுக்காகச் சொல்வான். என் மனைவி சோபனா சம்பூர்க்காரி. பிளேன்கள் குண்டு போட்டதால் ஊரை விட்டு ஓடியபோது அவள் பள்ளிக்கூடப் பிள்ளை, கஜீபன் கைக்குழந்தை. அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியவள் அவள்தான். அவனுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. அவளுக்கோ இன்றைக்கும் பிளேன் சத்தம் கேட்டால் கை தானாகப் போய் அடுப்பை அணைத்துவிடும்.

போன மாதம் கரையில் ஒரு துணி ஒதுங்கியது. தோடம்பழச் செம்மஞ்சள் நிறம், கண்ணைப் பறிக்கிற தடித்த துணி. எங்கள் பக்கத்தில் கடல் கொண்டுவந்து போடுவது கண்டெடுத்தவனுக்குத்தான் சொந்தம். பெருவிரல் போகிற அளவில் அதில் சில ஓட்டைகள், விளிம்பெல்லாம் கருகியிருந்தன. "கப்பலில வெல்டிங் பொறி பட்டிருக்கும்" என்றான் கஜீபன். அவன் சொன்னால் சரிதானே! சோபனா எங்கள் மகள் நிருஜாவின் பழைய பூச்சட்டையைக் கிழித்து ஓட்டைகளுக்கு ஒட்டுப் போட்டாள். பாதியை எங்கள் மீன்பிடிப் போட்டுக்கு வெயில் மறைப்பாகத் தைத்துத் தந்தாள். மீதியை அவளே வைத்துக்கொண்டாள்.

போன வெள்ளிக்கிழமை, கடலுக்குள் நிற்கிற கல்லுக்கு வடக்கே யாரும் போகக்கூடாது, பின்னேரம் வரை அங்கே விமானப்படைப் பயிற்சி நடக்கும் என்று மீனவர் சங்கத்தில் அறிவித்திருந்தார்கள். நாங்கள் தெற்கேதான் வலை விட்டோம். சத்தியமாகத் தெற்கேதான். ஆனால் நீரோட்டம் சங்கத்தின் அறிவித்தலைக் கேட்கவில்லை. மறைப்பின் நிழலில் சாய்ந்து நான் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன். எழும்பிப் பார்த்தால் கல் எங்களுக்குத் தெற்கே, பின்னால் கிடந்தது.

இரண்டு பிளேன்கள் வந்தன. "எல் போட் வந்திட்டுது" என்று கஜீபன் எழும்பிக் கை காட்டினான். முன்னால் வந்தது தலைகீழாகச் சரிந்து இறங்கியது. அப்போதுதான் தூரத்தில் பீப்பாய்களின் மேல் மிதந்த ஒரு சாமானைக் கண்டேன். அதன் மேலே துணி கட்டியிருந்தது. தோடம்பழ நிறத் துணி.

தண்ணீர் வரிசையாகக் கொதித்து எழும்பியது. சத்தம் பிறகுதான் வந்தது. பீப்பாயும் துணியும் சிதறிப் பறந்தன.

ஐயோ, அது வெல்டிங் பொறி இல்லை! என் தலைக்கு மேலே பூச்சட்டை ஒட்டுகளோடு ஆடிக்கொண்டிருந்த துணியை அண்ணாந்து பார்த்தேன். இரண்டாவது பிளேன் எங்கள் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

"துணியைக் கழட்டடா, நாயே!"

அவனுக்கு முடிச்சு அவிழவில்லை. கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தேன், துணியைக் கடலில் தள்ளினேன், வலையையும் வெட்டிவிட்டேன். எஞ்சின் ஒரே இழுவையில் பிடித்தது, முருகன் புண்ணியம். கொஞ்சத் தூரம்கூடப் போயிருக்க மாட்டோம், பின்னால் வானம் கிழிந்தது போல ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தேன். நாங்கள் நின்ற இடத்தில் துணி துண்டு துண்டாக மிதந்தது. பிளேன் மேலே ஏறியபோது ஒன்றின் பின் ஒன்றாய் இரண்டு தலைகளைக் கண்டேன். கஜீபன் சொன்னது அதில் மட்டும் சரி.

கரையில் போட்டை இழுத்துப் போட்டதும் கஜீபன் மணலில் குந்தி வாந்தி எடுத்தான். நான் வீட்டுக்கு ஓடினேன். சோபனா குசினியில் நின்றாள். அடுப்பு அணைந்திருந்தது.

"மிச்சத் துணி எங்க?"

"என்ன நடந்தது? ஏன் உப்பிடி ஓடி வாறியள்?"

"அது குறி வைச்சுச் சுடுற துணியடி! எங்கட போட்டைச் சுட்டவங்கள். மிச்சம் எங்க?"

அவள் முகத்தில் இரத்தமே இல்லை. "நிருஜாக்கு... பள்ளிக்கூடப் பை தைச்சுக் குடுத்தனான். இண்டைக்குத்தான் கொண்டு போனவள்."

பள்ளிக்கூடம் விடுகிற நேரம். பிள்ளை கடற்கரையால்தான் நடந்து வருவாள். ஊருக்குள் சுட மாட்டார்கள் என்று புத்தி சொன்னது. கால் கேட்கவில்லை. எனக்கு முன்னால் சோபனா ஓடினாள், செருப்பும் இல்லாமல்.

நிருஜா தூரத்திலேயே தெரிந்தாள். வெள்ளைச் சட்டை, அதன் மேலே அந்த நிறம். எவ்வளவு தூரத்திலும் தெரிகிற நிறம். பிளேன் கரையோடு தாழ வந்துகொண்டிருந்தது.

"பிள்ளை! பையைக் கழட்டு! எறி அதை!" என்று கத்தினேன்.

புதுப் பையை எறியச் சொன்னால் எந்தப் பிள்ளை எறியும்? அவள் பட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விழித்தாள். சோபனா பாய்ந்து அவளை மணலில் குப்புறத் தள்ளி மேலே விழுந்தாள். அவர்கள் இருவர் மேலும் நான் விழுந்தேன்.

பிளேன் எங்களைக் கடந்து தெற்கே போய்விட்டது. சுடவில்லை. எங்களைப் பார்க்கக்கூட இல்லையோ என்னவோ.

"அப்பா, எழும்புங்கோ. கொப்பி கசங்குது" என்று அடியிலிருந்து நிருஜா அழுதாள்.

நான் எழும்பினேன். சோபனா எழும்பவில்லை, பக்கத்தில் சரிந்து பையின் மேலிருந்த கையை மட்டும் எடுத்தாள். விழுந்த வேகத்தில் பையின் நடுவில் இருந்த பூச்சட்டை ஒட்டுப் பிய்ந்து தொங்கியது. ஓட்டையை மூடுவதற்குக் கையை வைத்தேன். பெருவிரல் உள்ளே போய் நிருஜாவின் தமிழ்ப் புத்தகத்தில் முட்டியது. புத்தகத்துக்கு அந்தப் பக்கம் என் பிள்ளையின் முதுகு விம்மி விம்மி ஏறி இறங்கியது.