ஜன்னலோர மேசை

மாவுக்கட்டுப் போட்ட காலை ஒரு நாற்காலியில் நீட்டிக்கொண்டு, என் கணவர் என் மேசையில் உட்கார்ந்திருந்தார். என் தையல் மெஷின், என் தூரிகைகள், என் கத்தரிக்கோல். அந்தக் கத்தரிக்கோலைத் துணி வெட்டுவதைத் தவிர வேறு எதற்கும் தொடக்கூடாது என்று கல்யாணமான நாளிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறேன். மனுஷன் அதை வைத்து மாத்திரை அட்டையை வெட்டிக்கொண்டிருந்தார். நான் சாணிக் கையோடு ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தேன். வயிறு பற்றி எரிந்தது. பொறாமைதான், வேறென்ன? இதில் மூடி மறைக்க ஒன்றும் இல்லை.

எங்களுடையது சின்னப் பண்ணை. ஆறு கறவை மாடு, கொஞ்சம் தீவனப் புல், ஒரு கிழட்டு டிராக்டர். மாடும் டிராக்டரும் அவர் பாடு. வீடும் கன்றுக்குட்டிகளும் என் பாடு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் குறட்டை விடுகிற நேரம் மட்டும் எனக்கே எனக்கு. அப்போதுதான் துணிப்படம் செய்வேன்.

பண்ணையில் கண்ணில் படுவதையெல்லாம் முதலில் போட்டோ எடுப்பேன். சேற்றில் பதிந்த குளம்பு, தண்ணீர்த் தொட்டியில் மூக்கை விட்ட கன்று, வைக்கோல் கட்டின் மேல் தூங்கும் பூனை. டவுன் கடையில் அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு வாங்கி வந்து ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, மேலே வெள்ளைத் துணியைப் பிடித்து, வெளிச்சத்தில் தெரிகிற கோடுகளைப் பென்சிலால் எடுப்பேன். அதற்காகத்தான் மேசை ஜன்னலோரம். பிறகு துணிக்குச் சாயம் தீட்டிக் காயவைத்து, இஸ்திரி போட்டு, அடியில் பஞ்சு விரிப்பும் முரட்டுத் துணியும் கொடுத்து மெஷினில் தைப்பேன். நெருக்கித் தைத்த இடம் அமுங்கிப் பின்னால் போய்விடும். தைக்காமல் விட்ட இடம் பொம்மென்று முன்னால் வரும். கன்றின் மூக்கு அப்படித்தான் துணியை விட்டு எழும்பி நின்றது. ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கத் தோன்றும்.

தொட்டுப் பார்க்கத்தான் ஆள் இல்லை. என் நாத்தனார் ஒருமுறை வந்தபோது பூனைப் படத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணி, இது கால்மிதியா, சோபா மேல விரிக்கறதா?" என்றாள். போன வருஷம் நூலகத்தில் நடந்த ஓவியக் கண்காட்சிக்கு மூன்று படங்களைச் சுருட்டிக் கொண்டுபோனேன். அதை நடத்துகிற அம்மாள் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்து, "நல்லா இருக்கும்மா. ஆனா வீட்டு சாமானெல்லாம் நாங்க வைக்கறதில்ல" என்று அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இந்த லட்சணத்தில்தான் என் கணவர் டிராக்டரிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். மாடுகள் என் தலையில் விழுந்தன. அவரோ கட்டிலில் படுத்துக்கொண்டு, தண்ணீர் கொண்டா, தலையணையை ஏற்றி வை, செவலை மாடு தின்றதா, ஏன் கத்துகிறது என்று என் உயிரை வாங்கினார். தொல்லை தாங்காமல் நானே அவரை மேசையில் உட்கார்த்தி, ஒரு துண்டுத் துணியைக் கொடுத்து, எப்படிக் கோடு எடுப்பது, எங்கே நெருக்கித் தைப்பது, எங்கே விடுவது என்று எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்தேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேன்.

அவருக்குக் கைக்கு வந்துவிட்டது. அதுதான் எரிச்சல். கோணல்மாணலாகச் செய்திருந்தால் வாய் நிறையப் பாராட்டியிருப்பேன்.

நான் தொழுவத்தில் இருக்கிற நேரமெல்லாம் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்கும். கடகடவென்று ஓடினால் வயிறு எரியும். நின்றுபோனால், மனுஷன் ஏதோ யோசிக்கிறார் என்று இன்னும் எரியும். எனக்கு யோசிக்க எப்போது நேரம் இருந்தது? உடைந்த அந்தக் காலைப் பார்த்துக்கூடப் பொறாமைப்பட்டேன். கடவுளே, எனக்கு ஒரு கால் உடையக் கூடாதா என்று சாணி அள்ளும்போது வாய்விட்டே கேட்டிருக்கிறேன்.

என் கேமராவை வைத்து ஜன்னல் வழியாகவே அவர் ஒரு போட்டோ எடுத்திருந்தார். இரண்டு கையிலும் பால் வாளியோடு நான் தொழுவத்துக்குப் போகிறேன், முதுகுப்பக்கம் மட்டும் தெரிகிறது. கொண்டை அவிழ்ந்து தொங்குகிறது. இடுப்பு வரை சேறு. அதைத்தான் துணியில் தீட்டினார். சுற்றிலும் நெருக்கித் தைத்துவிட்டு என் முதுகைத் தைக்காமல் விட்டுவிட்டார். அது வீங்கிக்கொண்டு முன்னால் நின்றது.

"எப்படி இருக்கு?" என்றார்.

"என் பின்பக்கம் எனக்கே தெரியாம இருந்துச்சு. காட்டினதுக்கு சந்தோஷம்" என்றேன்.

காலைப் பார்க்க வந்த நாத்தனார் அதைப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "எங்கண்ணன் கையில இவ்ளோ கலை ஒளிஞ்சிருந்துச்சா! இத்தனை வருஷமா இவரப் போய் மாட்டோட கட்டிப் போட்டுட்டோமே!" அவளே செல்போனில் படம் எடுத்து நூலகத்து அம்மாளுக்கு அனுப்பினாள். அடுத்த வாரமே அழைப்பு வந்துவிட்டது.

கண்காட்சியில் நுழைந்ததும் எதிர்ச் சுவரில் நான்தான், முதுகைக் காட்டிக்கொண்டு. அதே அம்மாள், அதே கண்ணாடி. "ஒரு ஆம்பள, அதுவும் மாடு வளக்கறவர், இவ்ளோ பொறுமையா ஊசி பிடிச்சிருக்காரே!" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஊன்றுகோலோடு நின்ற என் கணவரைச் சுற்றிக் கூட்டம். என்னைப் பார்த்ததும் அந்த அம்மாள் கையைப் பிடித்துக்கொண்டார். "படத்துல இருக்கறது நீங்கதானா? குடுத்து வெச்சவங்கம்மா நீங்க." போன வருஷம் வந்து நின்ற முகம் அவருக்கு நினைவே இல்லை.

யாரோ என் கணவரிடம், "இத எங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார்கள்.

"யாரும் சொல்லிக் குடுக்கல. சும்மா உக்காந்திருந்தேன், தானா கைக்கு வந்துருச்சு" என்றார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். கையில் இருந்த தேநீரை அப்படியே அவர் சட்டையில் ஊற்றிவிடலாமா என்றிருந்தது. சட்டையைத் துவைக்கப்போவதும் நான்தான் என்பதால் விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில் வண்டியிலேயே ஆரம்பித்தேன். "யாரும் சொல்லிக் குடுக்கலையா?"

"கூட்டத்துல ஏதோ வாய்க்கு வந்தத சொன்னேன். அதுக்குப் போய்..."

"வாய்க்கு வந்ததுல நான் மட்டும் வரல, பாத்தீங்களா?"

ஊன்றுகோலை மடியில் நகர்த்தி வைத்தார். பிறகு மெல்லச் சொன்னார். "சுவர் முழுக்க வர்ற மாதிரி படம் ஒண்ணு கேக்கறாங்க. கட்டுதான் பிரிச்சாச்சு, இல்லேங்கல. ஆனா இன்னும் கொஞ்ச நாளைக்கு மாட்ட நீயே பாத்துக்கோயேன். நீதான் நல்லாப் பழகிட்டியே."

"அப்ப என் மேசை?"

"உன் மேசை என் மேசைன்னு என்ன இருக்கு? வீட்டு மேசைதானே."

"அப்படியா? மாடும் வீட்டு மாடுதான். நாளைக்குக் காலைல நீங்க போய்க் கறங்க. நான் மேசைய விட்டு எழுந்திரிக்க மாட்டேன்."

மறுநாள் அவர் கண் விழிக்கும் முன்பே போய் என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். விளக்கைப் போட்டு, நூலைக் கோத்து, எப்போதோ வாங்கி வைத்த பிரிண்ட் ஒன்றை விரித்தேன். வழக்கமான நேரம் தாண்டியதும் தொழுவத்தில் ஒன்று கத்தியது. அப்புறம் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் ஆறும் சேர்ந்துகொண்டன.

அவர் தேநீரை உறிஞ்சிக்கொண்டு வாசற்படியில் நின்றார். "மாடு கத்துது."

"எனக்கும் காது இருக்கு."

"பால் வண்டி வந்துரும்."

"வரட்டும்."

"மடி கட்டிக்கும்டி. வலிக்கும் அதுங்களுக்கு."

எனக்கு எழுந்து ஓடவேண்டும் போலிருந்தது. கால்கள் இரண்டையும் நாற்காலிக் காலில் பின்னிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தேன். இப்போது எழுந்தால் இந்த மேசை இந்த ஜென்மத்தில் எனக்கில்லை. அவரும் அசையவில்லை. செவலை அடித் தொண்டையிலிருந்து நீளமாக ஒரு கத்து கத்தியது. அவர் டம்ளரைத் தொப்பென்று வைத்துவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு ஊன்றி ஊன்றிப் போனார்.

ஜெயித்துவிட்டேன்! பென்சிலைக் கூராக்கிக் கண்ணாடியில் துணியை ஒட்டினேன். பொழுது புலர்ந்து வெளிச்சம் வந்தது. ஆனால் கத்தல் நிற்கவில்லை. ஒரு கோடுகூட நேராக வரவில்லை எனக்கு.

அவர் திரும்பி வந்தபோது வாளியின் அடியில் ஒரு கை அளவுதான் பால் இருந்தது. படியில் உட்கார்ந்துவிட்டார்.

"தர மாட்டேங்குது" என்றார்.

"எது?"

"எதுவுமே. செவலை என் கைய மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. பால மேல இழுத்துக்கிட்டு நிக்குது. அது பொறந்தப்ப இந்தக் கையாலதான் வெளிய இழுத்தேன். மூணு மாசத்துல என்னயே யாருன்னு கேக்குது." குரல் உடைந்துவிட்டது. "நீ அதுங்ககிட்ட பேசறதெல்லாம் இந்த ஜன்னல்ல கேக்கும், தெரியுமா? தெனம் கேட்டுக்கிட்டுதான் இங்க உக்காந்திருந்தேன். என் மாட்ட நீ கொஞ்சற, அதுவும் உன்கிட்ட குழையுது. வயிறு எரியும் எனக்கு. அந்த எரிச்சல்லதான் அந்தப் படத்தையே எடுத்தேன்."

எனக்குச் சந்தோஷம் வந்தது. வெட்கமே இல்லாமல் வந்தது. இத்தனை நாள் நான் எரிந்ததற்கு ஈடாக அவரும் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் எரிந்திருக்கிறார்! செவலை என்னைத்தான் கேட்கிறாள்! அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் விஷயம் உறைத்தது. என் கைக்கு மட்டும்தான் சுரக்கும் என்றால் இன்றும் நான்தான், நாளையும் நான்தான். மேசையில் அவர்தான்.

"எழுந்திரிங்க. கைய சோப்புப் போட்டுக் கழுவுங்க, பெயிண்ட் நாத்தம்" என்றேன்.

செவலையின் பக்கத்தில் இரண்டு முக்காலிகளை நெருக்கிப் போட்டு உட்கார்ந்தோம். அவர் கையைக் காம்பில் வைத்து, அதன் மேல் என் கையை வைத்துக்கொண்டேன். தினமும் பேசுகிற அதே அசட்டுப் பேச்சைப் பேசினேன். "என்னடி ராசாத்தி, கோவமா, யாரு பெத்த புள்ளயோ பாவம், கொஞ்சம் குடுடி" என்று. பக்கத்தில் மனுஷன் கேட்டுக்கொண்டிருக்கிறாரே என்று கூச்சமாக இருந்தது. செவலை பின்காலை மாற்றி வைத்தாள். பெருமூச்சு விட்டாள். சர்ரென்று பால் வாளியில் அடித்தது.

கொஞ்சம் கொஞ்சமாக என் கையைத் தளர்த்தினேன். பிறகு எடுத்தேவிட்டேன். செவலை காதை ஒரு ஆட்டு ஆட்டினாள், அவ்வளவுதான். பால் நிற்கவில்லை. நான் கை எடுத்ததே அவளுக்குத் தெரியவில்லை.

"குடுக்குதுடி!" என்றார். முகமெல்லாம் பல். "நீ போ. போய் உன் வேலையப் பாரு. மத்ததையும் இப்படியே பழக்கிரலாம்."

கேட்டது கிடைத்துவிட்டது. மேசை காலியாக இருக்கிறது, வெளிச்சம் நன்றாக இருக்கிறது. நானோ செவலையையே பார்த்தேன். துரோகி! ஒரு பேச்சுக்காவது திரும்பிப் பார்த்தாளா?

"செவலைய மட்டும் நான்தான் கறப்பேன்" என்றேன். "இப்பவே சொல்லிட்டேன்."

அவர் கறப்பதை நிறுத்தவில்லை. "அப்ப மேசைல பாதி எனக்கு."

"அது மட்டும் நடக்காது" என்றேன். ஆனாலும் மேசைக்குப் போகவில்லை. வாளி நிரம்புகிற வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.