சுலைஹா வெள்ளத்தில் இறங்கினாள்

கடையநல்லூர் ஃபஹீமா தானே வரைந்து அச்சடித்த காமிக்ஸை, சங்கரன்கோவில் கல்யாண மண்டபம் ஒன்றில் நடந்த புத்தகக் கண்காட்சிக்குக் கொண்டுவந்திருந்தாள். அட்டையில் முக்காடு போட்ட பெண்ணொருத்தி, பொங்கி வரும் வெள்ளத்தை இரண்டு கையாலும் தடுத்து நின்றாள். பெயர் சுலைஹா.

மதியம் வரை ஒன்றும் விற்கவில்லை. மகன் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கிய ஒரு அப்பா, "ஏலே, அது அவங்க புக்கு, நமக்கில்ல" என்றார், அவள் காதில் விழும்படியாகவே.

பிறகு பிரவின்ராஜ் நாலைந்து பேரோடு வந்தான். ஊரில் எந்த வம்பென்றாலும் முன்னால் நிற்பவன்.

"என்ன இது, உங்காளு பறந்து வந்து குண்டு போடுவாளோ?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். ஃபஹீமா ஒரு புத்தகத்தை எடுத்து அவன் முன்னால் தள்ளினாள்.

"வாசிச்சுட்டுப் பேசுங்க."

"வாசிக்கத்தான போறேன். எல்லாரும் கேளுங்கலே!"

நாற்காலியில் ஏறி நின்று, மூக்கால் பேசி, கோமாளி மாதிரி வாசித்தான். கூட்டம் சேர்ந்தது. டிரைவர் ஒருவன் சுலைஹாவைத் தன் வேனில் ஏற்ற மறுக்கும் இடத்தில் கைதட்டினார்கள். அடுத்த பக்கத்தில் குருவிகுளம் ஓடையில் திடீர் வெள்ளம். அதே வேன் நடுவில் மாட்டிக்கொள்கிறது. உள்ளே பள்ளிப் பிள்ளைகள். தண்ணீர் ஜன்னல் வரை ஏறிவிட்டது. டிரைவர் கரையைப் பார்த்துக் கத்துகிறான். கரையில் நிற்பது சுலைஹா மட்டும்.

மூக்குக் குரல் எப்போது போனது என்று பிரவின்ராஜுக்கே தெரியவில்லை. சொந்தக் குரலில் வாசித்துக்கொண்டிருந்தான். யாரும் சிரிக்கவில்லை. அது உறைத்ததும் முகம் கறுத்து, புத்தகத்தை மூடினான்.

"ஏலே, ஏன் நிறுத்துத? பிள்ளைகள்லாம் என்ன ஆச்சு?" என்று கூட்டத்திலிருந்து ஒரு பெண் கேட்டாள். மகளுக்குக் கைடு வாங்க வந்த பேச்சித்தாய்.

"ஒண்ணும் ஆவல, போங்க!"

புத்தகத்தைக் கிழித்தெறிந்து, மேஜையை எட்டி உதைத்தான். புத்தகங்கள் சிதறின.

கண்காட்சி நடத்தும் சங்கரசுப்பிரமணியன் ஓடி வந்தார். அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஏம்மா, நீ கெளம்பிரு. இங்கன சண்டை வேண்டாம். அடுத்த தடவ முக்காடு இல்லாம வரஞ்சுட்டு வா, நானே இடம் தாரேன்."

"அப்படி வரைய மாட்டேன் சார்."

தரையில் கிடந்தவற்றை அவள் பொறுக்கினாள். யாரும் குனியவில்லை.

வாசலில் பேச்சித்தாய் பின்னாலேயே வந்தாள்.

"நில்லுட்டி. உங்காளுகள எனக்குப் பிடிக்காது, மூஞ்சிக்கு நேராவே சொல்லுதேன். ஆனா அந்த வேன் என்ன ஆச்சு? எம்மவளும் வேன்லதான் போறா."

சொல்லாமலே போய்விடலாமா என்று ஃபஹீமாவுக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு புத்தகத்தை நீட்டினாள்.

"வீட்டுக்குக் கொண்டு போனா அவரு வைவாரு. இங்கனயே காட்டு."

வெயிலில் நின்றபடி, உதடு அசைய, பேச்சித்தாய் கடைசிப் பக்கம் வரை வாசித்தாள்.

"அந்த டிரைவரையுமா கரையேத்தி விட்டா?"

"ஆமா."

"நானா இருந்தா அந்தப் பயல வெள்ளத்துலயே விட்டிருப்பேன்" என்று புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் நடந்தாள்.